ஒரே டிரிப்பில் இரண்டு மாத்திரை

என் அன்பு மகள் கடுகுக்கு,

அம்மா எழுதிக்கொள்வது. இங்கே நானும் உன் அப்பாவும் நலம் என்று ஆரம்பிக்கத்தான் பேனாவை எடுத்தேன், ஆனால் மேசைமேல் என் ரத்தப் பரிசோதனைத் தாள்கள் வரிசையாகக் கிடக்கின்றன, அவற்றை எதிரே வைத்துக்கொண்டு பொய் எழுதக் கை வரவில்லை. ஆகவே நான் முக்கால் நலம் என்று வைத்துக்கொள். மீதிக் கால் வந்துகொண்டிருக்கிறது, டாக்டரம்மா வாக்குக் கொடுத்திருக்கிறார். அப்பா முழு நலம், அவருக்கென்ன, என்னைப் படுத்துவதற்கென்றே ஆண்டவன் அவரை இரும்பில் செய்து அனுப்பியிருக்கிறான், அந்த இரும்பில் ஒரு கரண்டி எனக்குப் போட்டிருந்தால் இந்தக் கடிதத்துக்கே வேலை இருந்திருக்காது. நீ அங்கே வேளைக்குச் சாப்பிடுகிறாய், தூங்குகிறாய், பல் செட் செய்யும் அந்த லேபில் மூக்கையும் வாயையும் மூடிக்கொண்டு வேலை பார்க்கிறாய் என்று நம்புகிறேன், அந்தத் தூளெல்லாம் நெஞ்சுக்கு ஆகாது. போன் இருக்கும்போது ஏன் கடிதம் என்று கேட்பாய். போனில் நான் ஒரு வார்த்தை சொல்வதற்குள் நீ நாலு வார்த்தை சொல்வாய், இல்லையென்றால் இப்போதெல்லாம் செய்கிற மாதிரி அங்கே மழையா வெயிலா என்று அப்பாவிடம் கேட்டுவிட்டு வைத்துவிடுவாய். கடிதத்தில் நீ குறுக்கே பேச முடியாது. கடைசி வரி வரைக்கும் நான்தான் பேசுவேன்.

விஷயத்துக்கு வருகிறேன். போன ஞாயிற்றுக்கிழமை உன் அப்பா ஏணியில் ஏறி ஜன்னல் கண்ணாடி துடைத்துக்கொண்டிருந்தார். நான் கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டு, பேச்சோடு பேச்சாக, "இவளுக்கு என் மேல என்னங்க கோபம், எட்டு மாசமா முகம் குடுத்துப் பேச மாட்டேங்கிறா" என்று கேட்டேன். அவர் துணியைப் பிழிந்துகொண்டே, "அவளுக்கா கோபம், கோபம் உனக்குத்தானே, அதனாலதானே அவ கல்யாணத்தையே தள்ளி வெச்சிருக்கா" என்றார். சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்பது அவருக்கே உறைத்தது. நாக்கைக் கடித்துக்கொண்டு ஒரு படி இறங்கப் பார்த்தார், நான் ஏணியை ஓர் ஆட்டு ஆட்டினேன், முழுவதையும் கக்கிய பிறகுதான் கீழே இறங்க விட்டேன். எட்டு மாதத்துக்கு முன்னால் நீ என்னிடம் போனில் கல்யாண விஷயம் சொன்னாயாம். நீ கட்டிக்கொள்ளப்போகிறவருக்கு ஏற்கெனவே ஒரு கல்யாணம் ஆகி அது முடிந்துபோனதையும், ஏழு வயதில் ஒரு பெண் குழந்தை இருப்பதையும் சொன்னாயாம். நான் "ம்" என்றேனாம். நீ காத்திருந்தாயாம், நான் இன்னொரு "ம்" போட்டேனாம், அதற்குப் பிறகு அதுவும் இல்லையாம். அன்றைக்குச் சாயங்காலமே நீ அப்பாவைக் கூப்பிட்டு, "அம்மாவுக்குப் பிடிக்கலப்பா, அம்மாவா மனசு மாறட்டும், நீங்க எதுவும் கேக்கக் கூடாது" என்று சத்தியம் வாங்கிக்கொண்டாயாம். அந்த மனுஷர் வாழ்நாளில் ஒரு சத்தியத்தையும் காப்பாற்றியதில்லை, சிகரெட் சத்தியம் உள்பட. இந்த ஒன்றை மட்டும் எட்டு மாதம் பொத்திப் பொத்திக் காப்பாற்றியிருக்கிறார்.

கடுகு, அந்த "ம்" கோபம் இல்லையடி. அது என் தைராய்டு. சிரிக்காதே. அம்மா எதையாவது சொல்லித் தப்பிக்கப் பார்க்கிறாள் என்றும் நினைக்காதே, தாள்களின் நகல் உள்ளே இருக்கிறது. முழுக் கதையையும் சொல்கிறேன், நடுவில் கொஞ்சம் வைத்தியம் வரும், பொறுத்துக்கொள்.

பதினெட்டு வருடமாக நான் குளிர்பதனக் கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறேன் என்பது உனக்குத் தெரியும். அங்கே மூச்சு விட்டால் புகை வரும், மூக்கு வடிந்தால் அது வடிந்த இடத்திலேயே நிற்கும். அந்த இடத்தில் நின்றுகொண்டு எனக்குக் குளிர்கிறது என்று சொன்னால் யார் காதில் போட்டுக்கொள்வார்கள். நானே போட்டுக்கொள்ளவில்லை. வீட்டுக்கு வந்த பிறகும், வெளியே வெயில் கொளுத்துகிற நாளிலும், இரண்டு ஸ்வெட்டர் காலுறை சகிதம் உட்கார்ந்துகொண்டு கிடங்குக் குளிர் எலும்பில் ஏறிவிட்டது என்று சொல்லிக்கொண்டேன். முடி கொத்துக் கொத்தாகக் கொட்டியது, கம்பளித் தொப்பி தேய்க்கிறது என்றேன். தோல் உரிந்தது, கிடங்குக் காற்று என்றேன். குரல் கரகரத்துப் போயிற்று, உன் அப்பா நம்ம பஸ் டிப்போ மைக்கே தேவலாம் என்றார், அதற்கும் குளிரையே காரணம் சொன்னேன். காலையில் முகம் உப்பியிருந்தது, பாதிச் சாப்பாடுதான் சாப்பிட்டேன், ஆனாலும் பாவாடை நாடா பற்றாமல் போயிற்று. ஐம்பத்திரண்டு வயதில் நின்றுபோக வேண்டியது நிற்காமல் மாதாமாதம் கொட்டித் தீர்த்தது, போகிறபோது அப்படித்தான் போகும் என்று அதையும் விட்டேன். மலச்சிக்கலைப் பற்றித் தனியாக ஒரு பக்கம் எழுதலாம், நீ சாப்பிட்டுக்கொண்டே இதைப் படித்தாலும் படிப்பாய் என்று விட்டுவிடுகிறேன். ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம் கைவசம் வைத்திருந்தேன், எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே காரணம் இருக்கும் என்று மட்டும் தோன்றவில்லை.

அந்த லட்சணத்தில் நான் இருக்கும்போதுதான் நீ போன் செய்தாய். மத்தியானம், ஷிஃப்ட் முடிந்து வந்து பூட்ஸைக்கூடக் கழற்றாமல் சோபாவில் சாய்ந்திருந்தேன். "அம்மா, ஒரு விஷயம் சொல்லணும்" என்று நீ ஆரம்பித்தது நினைவிருக்கிறது. கல்யாணம் என்ற சொல் காதில் விழுந்தது. ஏழு வயசு என்பது விழுந்தது. நடுவில் என்ன, பின்னால் என்ன, ஒன்றும் தெரியாது. கண் விழித்தபோது கன்னத்துக்கு அடியில் போன் சூடாக இருந்தது, அதன் விளிம்பு கன்னத்தில் கோடாகப் பதிந்திருந்தது. மகள் தன் வாழ்க்கையைப் பற்றிப் பேசுகிறாள், அம்மா குறட்டை விடுகிறாள். நான் குறட்டை விட்டேனா இல்லையா என்று உனக்குத்தான் தெரியும், விட்டிருந்தால் இவ்வளவு வம்பு வந்திருக்காது என்று இப்போது தோன்றுகிறது.

அதற்கு இரண்டு வாரம் கழித்து வேலையிலும் மானம் போயிற்று. லோடிங் வாசலில், ஃபோர்க்கை ஆள் உயரத்துக்குத் தூக்கி, அதன்மேல் ஒரு பேலட் பலகை நிறைய உறைந்த பட்டாணியை வைத்துக்கொண்டு தூங்கிவிட்டேன். லாரிக்காரர் ஹாரன் அடித்தாராம், பிறகு கத்தினாராம், கடைசியில் வண்டியின் பக்கவாட்டில் தட்டினாராம். நான் கண்ணைத் திறந்து அவரிடம் "வெச்சிட்டுப் போங்க" என்றேனாம். எதை என்று இன்றுவரை தெரியவில்லை. சூப்பர்வைசர் என்னைவிடப் பதினைந்து வயது சின்னவர், திட்டவில்லை, "அக்கா, மொதல்ல ஒரு டாக்டரப் பாருங்க, அதுவரைக்கும் வண்டிச் சாவி எங்கிட்ட இருக்கட்டும்" என்று கையை நீட்டினார். திட்டியிருந்தால் தேவலை. பதினெட்டு வருடம் ஓட்டினவளை வாசலில் சீட்டுக் கிழிக்கிற மேசையில் உட்கார வைத்துவிட்டார்கள், அங்கே என்னவென்றால் ஹீட்டர் இருந்தது, ஹீட்டர் இருந்தும் எனக்குக் குளிர்ந்தது, அப்போதுதான் எனக்கே கொஞ்சம் பயம் வந்தது.

டாக்டரம்மா சின்ன உருவம், பெரிய கண்ணாடி, நம் பேச்சைப் பாதியில் வெட்டாத அதிசயப் பிறவி. கழுத்தைத் தடவிப் பார்த்தார், ரத்தம் எடுக்கச் சொன்னார், தாள் வந்ததும் டி.எஸ்.எச். என்ற எண்ணைச் சுற்றி வட்டம் போட்டார். கழுத்தில் பட்டாம்பூச்சி வடிவத்தில் ஒரு சுரப்பி இருக்கிறதாம், அது மந்தமாகிவிட்டதாம். என் உடம்பில் பட்டாம்பூச்சி என்று சொல்லும்படி ஒரு பாகம் இருப்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும், அதுவும் சோம்பேறிப் பட்டாம்பூச்சி. அதோடு ரத்தத்தில் இரும்பும் குறைவு. இரண்டும் தனித்தனி வியாதியா என்று கேட்டேன். "தனித்தனிதான், ஆனா ஒண்ணு காலை இன்னொண்ணு வாரி விடும்மா" என்றார். தைராய்டு தன் சரக்கைத் தயாரிக்க இரும்பு வேண்டுமாம். தைராய்டு மந்தமானால் வயிறும் மந்தமாகி, உள்ளே சுரக்கிற அமிலம் குறைந்து, சாப்பிட்ட இரும்பை உடம்பு சரியாக உறிஞ்சிக்கொள்ளாதாம், மாதப்போக்கும் கூடி இருக்கிற இரும்பையும் அடித்துக்கொண்டு போகுமாம். இரும்பு குறைந்தால் தைராய்டு இன்னும் மந்தம். உன் அப்பா கழுவுவார் என்று நானும் நான் கழுவுவேன் என்று அவரும் விட்டு, தொட்டி நிறையப் பாத்திரம் சேர்வதுபோல என்று புரிந்துகொண்டேன். ஏன் இப்படி ஆனது என்று கேட்டால், பெரும்பாலும் நம் உடம்பின் காவல்காரர்களே ஆள் தெரியாமல் அந்தச் சுரப்பியை அடித்துவிடுகிறார்களாம். வீட்டிலேயே அடி, வெளியாள் யாரும் இல்லை.

இரண்டு மாத்திரை கொடுத்தார். தைராய்டு மாத்திரை காலையில் வெறும் வயிற்றில், தண்ணீரோடு மட்டும், அதற்குப் பிறகு அரை மணி நேரத்துக்குக் காபிகூடக் கூடாது. இரும்பு மாத்திரை மத்தியானம், குறைந்தது நாலு மணி நேர இடைவெளி. சீட்டில் தெளிவாக எழுதியும் கொடுத்தார். நான் அப்போது இருந்த மூளையின் நிலைமையில் சீட்டை வாங்கி அப்படியே உன் அப்பாவிடம் கொடுத்தேன். அங்கேதான் வந்தது வினை.

உன் அப்பாவை உனக்குத் தெரியும். முப்பத்தொரு வருடம் பஸ் டிப்போவில் டைம் கீப்பர். காலி வண்டி ரோட்டில் ஓடினால் அவருக்கு நெஞ்சு வலிக்கும். ரிட்டையர் ஆகியும் அந்தப் புத்தி ரிட்டையர் ஆகவில்லை, எதையும் தனித்தனியாகச் செய்ய மாட்டார், சேர்த்துத்தான் செய்வார். துக்கம் விசாரிக்கப் போகிற வழியில் மிக்ஸியை ரிப்பேருக்குக் கொடுக்கலாம் என்று கிளம்பி, கடை பூட்டியிருக்க, சாவு வீட்டில் மிக்ஸியை மடியில் வைத்துக்கொண்டு ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்திருந்த மனுஷர். வந்தவர்களில் இரண்டு பேர் அதை ஏதோ கலசம் என்று நினைத்துக் கும்பிட்டுவிட்டுப் போனார்கள். அவர் கையில் என் மருந்துச் சீட்டு போனால் என்ன ஆகும். பழைய காலண்டர் தாளின் பின்பக்கத்தில் கோடு போட்டு ஓர் அட்டவணை எழுதினார். உற்றுப் பார்த்தார். "காலையில ஒரு மாத்திரைக்கு ஒரு தடவ தண்ணி, மத்தியானம் ஒரு மாத்திரைக்கு இன்னொரு தடவ தண்ணி, ரெண்டு வண்டியும் பாதி காலி, எதுக்கு? ஒரே டிரிப்பா விட்டுடலாம்" என்றார். சிவப்பு மையில் இரண்டு வரியையும் அடைப்புக்குறி போட்டு இணைத்தார். காலை ஏழு மணி, இரண்டு மாத்திரை, அதே வண்டியில் காபியும். நான்கு மாதம் ஒரு நாள் தவறாமல் நடந்தது அந்தச் சேவை. எனக்கும் வசதியாகத்தான் இருந்தது, அவர் மேல் மட்டும் பழியைப் போட்டால் என் நாக்கு அழுகிவிடும். சீட்டை நானும் ஒரு தரம் படித்திருக்கலாம்.

இரண்டு மாதத்தில் மறுபடி ரத்தம் எடுத்தார்கள், இறங்க வேண்டிய எண் அசையவில்லை. டாக்டரம்மா மாத்திரையின் அளவைக் கூட்டினார். இன்னும் இரண்டு மாதம், அப்போதும் பெரிய மாற்றம் இல்லை. நான் சீட்டு மேசையில் உட்கார்ந்து தாடையை உள்ளங்கையில் தாங்கிக்கொண்டு என் வண்டியை வேறொருத்தர் தாறுமாறாக ஓட்டுவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நீ ஞாயிற்றுக்கிழமைகளில் பேசிய நாலு வார்த்தைக்கு நான் இரண்டு வார்த்தை சொன்னேன், அந்த இரண்டும் நாக்கில் கல்லைக் கட்டினதுபோல வந்தது. உனக்கு என் மேல் கோபம் என்று நினைத்தேன், என்ன கோபம் என்று கேட்கத் தெம்பில்லை. கடைசியில் டாக்டரம்மா, "மாத்திரை எப்படிச் சாப்பிடறீங்க, ஒரு நாளை அப்படியே சொல்லுங்க" என்றார். உன் அப்பா முகம் மலர்ந்து சட்டைப் பையிலிருந்து அந்தக் காலண்டர் தாளை எடுத்து விரித்துக் காட்டினார், பரிசு வாங்கப் போகிறவர் மாதிரி. டாக்டரம்மா படித்தார். கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். "ஐயா, இந்த இரும்பு மாத்திரை அந்த தைராய்டு மாத்திரைய வயித்துலயே கட்டிப் புடிச்சுக்கும், பாதி உள்ள போகவே போகாது. மேல காபிய வேற ஊத்தியிருக்கீங்க, அது ரெண்டையுமே கெடுக்கும். நாலு மாசமா வண்டி ஓடியிருக்கு, பயணிங்க எறங்கல" என்றார். டிப்போக்காரருக்குப் புரியும்படி எவ்வளவு அழகாகச் சொன்னார் பார். உன் அப்பா காலண்டர் தாளை நாலாக மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார். திரும்பி வரும்போது பஸ்ஸில் எட்டு சீட் காலியாக இருந்தது, உட்காரு உட்காரு என்று நான் சொல்லியும் உட்காராமல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றே வந்தார். வீட்டுக்கு வந்ததும் என் முகத்தைப் பார்க்காமல், "உன்ன நாந்தான் தூங்க வெச்சிட்டேன்" என்றார். முப்பது வருடத்தில் அந்த மனுஷர் தப்பை ஒத்துக்கொண்டது அதுதான் முதல் தடவை, எழுதி வைத்துக்கொள்ளலாம் என்று பார்த்தால் எனக்கு அழுகை வந்துவிட்டது.

அன்றிலிருந்து காலையில் ஓர் அலாரம், மத்தியானம் ஓர் அலாரம். இரண்டு தனி வண்டி. இரண்டு மாதத்தில் டி.எஸ்.எச். மளமளவென்று இறங்கியது, கூட்டின அளவை மறுபடி குறைக்க வேண்டியதாயிற்று. குரல் திரும்பியது, முகத்து உப்பு வடிந்தது. ஆனால் களைப்பு மட்டும் போகவில்லை, படி ஏறினால் மூச்சு வாங்கியது, இரும்பு ஏறவே இல்லை. வேடிக்கை என்னவென்றால் ஃபெரிட்டின் என்று ஒன்று இருக்கிறது, உடம்பில் இரும்பு எவ்வளவு இருப்பில் இருக்கிறது என்று காட்டுவது, அது மட்டும் நல்ல எண்ணாக வந்திருந்தது. உன் அப்பா உடனே, "பாத்தியா, ஸ்டாக் ஃபுல்லு" என்றார். டாக்டரம்மா மட்டும் உதட்டைப் பிதுக்கினார். இன்னொரு சோதனை எழுதினார், சி.ஆர்.பி. என்று, உடம்பில் எங்கேயாவது அழற்சி இருந்தால் கூடுவது. அது எகிறியிருந்தது. அப்போது அவர் சொன்னது எனக்கு ஒரே தடவையில் புரிந்தது, ஏனென்றால் அது என் தொழில். உடம்பில் எங்கேயாவது புண்ணோ அழற்சியோ இருந்தால், கிருமிகள் தின்றுவிடக் கூடாதென்று உடம்பு தன் இரும்பை உள்ளே தள்ளிப் பூட்டிவிடுமாம். கிடங்கு நிறையச் சரக்கு, லோடிங் வாசல் சாத்தியிருக்கிறது, வெளியே லாரி ஹாரன் அடித்துக்கொண்டு நிற்கிறது. புத்தகத்தில் இருப்பு நிறைவாகத் தெரியும், தெருவுக்கு ஒரு பெட்டிகூட வராது. புதிதாக விழுங்குகிற மாத்திரையையும் வாசலிலேயே மறித்துவிடுமாம். அதனால் அந்த எண்ணை மட்டும் நம்பக் கூடாது, எங்கே புகைகிறது என்று முதலில் தேட வேண்டும் என்றார்.

தேடினார். முட்டி வலிக்கிறதா, இல்லை. வயிறு, இல்லை. சிறுநீர் எரிகிறதா, இல்லை. நான் எல்லாவற்றுக்கும் நல்ல பிள்ளையாகத் தலையாட்டிக்கொண்டிருந்தேன். அப்போது மூலையில் உட்கார்ந்திருந்த உன் அப்பா தொண்டையைச் செருமிக்கொண்டு, "டாக்டர், இவ ரெண்டு வருஷமா இடது பக்கம் மட்டும்தான் மெல்றா" என்றார். நான் திரும்பி ஒரு பார்வை பார்த்தேன். அந்த மனுஷர் சாப்பிடும்போது தட்டைத் தவிர எதையும் பார்க்கமாட்டார் என்று நினைத்திருந்தேன், என் தாடையைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். "வாயத் தெறங்கம்மா" என்றார் டாக்டரம்மா. திறந்தேன். திறந்ததும் அவர் தலையைச் சற்றுப் பின்னால் இழுத்துக்கொண்டதை நான் மன்னித்துவிட்டேன்.

இதுவரை உன்னிடம் மறைத்ததைச் சொல்கிறேன். வலது பக்கக் கடைவாய்ப் பல் இரண்டு வருடமாகக் கெட்டுப்போயிருந்தது. முதலில் வலித்தது, கிராம்பை வைத்து அடக்கினேன், பிறகு வலிகூட இல்லை, ஈறில் சின்னதாக ஒரு கொப்புளம் வரும், உடையும், மறுபடி வரும். பல் டாக்டரிடம் போகாததற்குப் பயம் பாதிக் காரணம், நீ மீதிக் காரணம். ஊருக்கெல்லாம் பல் செய்து கொடுக்கிறவளின் அம்மா வாயில் அழுகின பல் என்று தெரிந்தால் நீ போனிலேயே என்னை ஆ காட்டச் சொல்லியிருப்பாய். அதனால்தான் இரண்டு வருடமாக வீடியோவில் உதட்டை மூடிக்கொண்டு சிரித்தேன். அதையும் நீ வேறு மாதிரி எடுத்துக்கொண்டிருப்பாயோ என்று இப்போது உறுத்துகிறது. பல் டாக்டர் படம் பிடித்துப் பார்த்துவிட்டு வேரில் சீழ் என்றார், என் நெஞ்சில் முட்டியை ஊன்றாத குறையாக இழுத்துப் பிடுங்கினார். அதை ஒரு சின்ன டப்பாவில் போட்டு வைத்திருக்கிறேன், உனக்குக் காட்ட. உன் அப்பா செய்தது நாலு மாதத் தப்பு, நான் செய்தது இரண்டு வருடத் தப்பு, அதற்குப் பிறகு அவர் பஸ்ஸில் தைரியமாக உட்கார்ந்து வந்தார்.

பல் போய் ஆறு வாரம் ஆகிறது. சி.ஆர்.பி. இறங்கிவிட்டது, வாசல் திறந்துவிட்டது, ரத்தம் ஏற ஆரம்பித்திருக்கிறது. போன வாரம் சூப்பர்வைசர் சாவியைத் திருப்பிக் கொடுத்து, "அக்கா, தூங்கினா நானே ஹாரன் அடிப்பேன்" என்றார். இடையில் ஓட்டின ஆள் என் வண்டியின் சீட்டை எவ்வளவு பின்னால் தள்ளி வைத்திருந்தான் தெரியுமா, கால் பெடலை எட்டவில்லை. இழுத்துச் சரிசெய்து உட்கார்ந்தேன் பார், ராணி.

இத்தோடு நிறுத்தினால் நான் நல்லவளாகிவிடுவேன், எல்லாப் பழியும் சுரப்பிக்குப் போய்விடும். ஆனால் முழித்துக்கொண்டிருக்கும்போது பொய் சொல்ல வராது எனக்கு. ஏழு வயசு என்று நீ சொன்னது என் காதில் விழுந்தது என்று மேலே எழுதினேன் அல்லவா. கண் விழித்த பிறகும் அது காதில்தான் இருந்தது. அப்பாவைக் கேட்டிருக்கலாம். உன்னைக் கூப்பிட்டு, என்னடி சொன்னே என்று கேட்டிருக்கலாம். கனவு என்று சொல்லிக்கொண்டேன், அது வசதியாக இருந்தது. என் மகள் யாரோ பெற்ற குழந்தைக்கு எதற்குத் தலை பின்ன வேண்டும் என்று எங்கேயோ ஒரு மூலையில் ஓர் அற்பப் புத்தி உட்கார்ந்திருந்தது. அந்த "ம்"மில் முக்கால் தைராய்டு. கால் நான். அந்தக் காலுக்குச் சோதனை எண் கிடையாது, அதனால் நானாகவே சொல்கிறேன், என்னை மன்னித்துவிடு. எட்டு மாதம் நீ எனக்காகக் காத்திருந்திருக்கிறாய், நான் தூங்கியிருக்கிறேன்.  உன்னவர் லிஃப்ட் மெக்கானிக் என்று அப்பா சொன்னார், நல்லதுதான், நடுவில் நின்றுபோனதை மறுபடி ஓட வைக்கத் தெரிந்தவர் நம் வீட்டுக்கு வேண்டும்.

இன்னும் ஒன்று யோசித்தேன். அந்தக் குட்டிக்கு இப்போது எட்டு நடக்கும், முன்பல் இரண்டும் விழுந்திருக்கும் இல்லையா, உனக்குத்தான் அந்தக் கணக்கெல்லாம் தெரியும். எனக்கும் ஒரு பல் இல்லை. வாயைத் திறந்து சிரித்தால் வலது பக்கம் ஒரு ஜன்னல் தெரிகிறது. எனக்குப் பல் செய்து பார்சலில் அனுப்புகிற வேலையெல்லாம் வேண்டாம், அளவெடுக்க நீதான் வர வேண்டும், அவர்கள் இரண்டு பேரையும் கூட்டிக்கொண்டு வர வேண்டும், அவளுக்கு முளைப்பதற்குள் வர வேண்டும். கல்யாணப் போட்டோவில் இரண்டு பொக்கையும் பக்கத்தில் பக்கத்தில் நிற்க வேண்டும் என்று எனக்கு ஆசை வந்துவிட்டது.

நீயும் உன் தைராய்டையும் இரும்பையும் ஒரு தடவை பார்த்துக்கொள், இது அம்மாவிடமிருந்து மகளுக்குப் போகிற சொத்து என்று டாக்டரம்மா சொன்னார், நகை கேட்டால் இல்லை, இது இருக்கிறது. களைப்பாக இருந்தால் வேலை அதிகம் என்று நீயே தீர்ப்புச் சொல்லிக்கொள்ளாதே, நானும் அப்படித்தான் தீர்ப்புச் சொன்னேன். மாத்திரை கொடுத்தால் தனித்தனியாகச் சாப்பிடு. உன் அப்பா இப்போது பின்னால் நின்றுகொண்டு, தானும் உனக்கு ஒரு கடிதம் எழுதி வைத்திருப்பதாகவும், இதே கவரில் போட்டால் ஒரே தபாலில் போய்விடும் என்றும் சொல்கிறார். முடியாது என்று சொல்லிவிட்டேன். இது தனி டிரிப்.

நீயும் அவரும் குழந்தையும் நோய்நொடி இல்லாமல், சிரித்த வாயோடு நூறு வருடம் இருக்க வேண்டும், அது என் மனசார வருகிற ஆசீர்வாதம். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் போன் செய். அப்பாவிடம் மழை வெயில் கேட்டுவிட்டு வைக்காதே, என்னைக் கூப்பிடச் சொல். "அம்மா, ஒரு விஷயம் சொல்லணும்" என்று முதலிலிருந்து ஆரம்பி. பூட்ஸைக் கழற்றிவிட்டு, முகம் கழுவிக்கொண்டு, நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருப்பேன். நீ சொல்லி முடித்ததும் நான் முதலில் கேட்கப்போவது அந்தக் குழந்தையின் பெயரை.

இப்படிக்கு,
இப்போது விழித்திருக்கும்
உன் அம்மா